டோரீன் லவாலி கடையில் கம்ப்யூட்டர் படுத்த நாட்கள்

நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் துப்பாக்கி வாங்குகிறவர்களுக்கு இருந்த ஆகக் கடுமையான சட்டம் எது என்று கேட்டால் வக்கீல்கள் புத்தகத்தைப் புரட்டுவார்கள். புத்தகத்தில் அது கிடையாது. பீபாடி கார்னர் என்ற ஊரில், டோரீன் லவாலி என்ற அறுபத்திரண்டு வயதுப் பெண்மணியின் மூக்குக் கண்ணாடிக்குப் பின்னால் அது இருந்தது. இயற்றியவளும் அவளே, அமல்படுத்தியவளும் அவளே. மேல்முறையீட்டுக்கு இடமில்லை. இதில் விசேஷம் என்னவென்றால், துப்பாக்கிச் சட்டம் என்ற சொல்லைக் காதில் கேட்டாலே அவளுக்கு உடம்பெல்லாம் அரிக்கும்.

அந்தத் துப்பாக்கிக் கடை அவள் கேட்டு வாங்கியதல்ல. விவாகரத்தின்போது புருஷன் ரேமண்ட் படகையும் நாயையும் எடுத்துக்கொண்டான். இவள் பங்குக்கு முந்நூறு துப்பாக்கியும் தூண்டில் புழு வைக்கும் ஒரு குளிர்பெட்டியும் வந்தன. படகு இரண்டே வருடத்தில் மூழ்கியது. நாய் நடந்தே திரும்பி வந்துவிட்டது. டோரீன் புழுக்களுக்குப் பக்கத்திலேயே தன் மத்தியானச் சாப்பாட்டையும் வைத்துக்கொண்டு பத்தொன்பது வருடமாக வியாபாரம் பார்த்தாள். ஒரு தடவைகூட இரண்டும் மாறிப்போனதில்லை என்பது அவள் கட்சி.

அந்த வருடம் சட்டசபையில் ஒரு மசோதா வந்தது. துப்பாக்கி வாங்குகிறவர் பணம் கட்டிய பிறகு மூன்று நாள் காத்திருந்துதான் பொருளைக் கையில் வாங்க வேண்டுமாம். டோரீன் அன்றைக்கே கடைக் கண்ணாடியில் தன் கையெழுத்தில் எழுதி ஒட்டினாள்: ‘மூணு நாள் காத்திருக்க இது பல் ஆஸ்பத்திரி இல்லை.’ சனிக்கிழமை வாங்க வருகிறவன் செவ்வாய்க்கிழமை திரும்பி வருவான் என்று நம்புகிறவர்கள் சனிக்கிழமையில் எதையும் விற்றுப் பார்த்ததில்லை என்பது அவள் வாதம். வியாபாரம் செய்தவர்கள் யாரும் அதை மறுக்க மாட்டார்கள்.

ஏற்கெனவே இருந்த சட்டம் அவளுக்குப் போதுமானதாக இருந்தது. வாங்குகிறவரின் விவரத்தைக் கம்ப்யூட்டரில் அனுப்பினால், மத்திய அரசின் போலீஸ் பதிவேட்டைப் பார்த்து ‘கொடு’ என்றோ ‘கொடுக்காதே’ என்றோ பதில் வரும். ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்துக்குள்தான் டோரீனின் சொந்தச் சட்டம் குடியிருந்தது.

அந்த ஊரில் ஒரு தொப்பி வாங்கவே முக்கால் மணி நேரம் பேரம் பேசுவார்கள். துப்பாக்கி என்றால் கேட்கவே வேண்டாம். குழலுக்குள் பார்ப்பார்கள், முகர்ந்து பார்ப்பார்கள், போன வருடம் மைத்துனன் இதைவிடக் குறைவாக வாங்கினான் என்று சத்தியம் செய்வார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒருவன் உள்ளே வந்து, விலை கேட்காமல், எதையும் தொட்டுப் பார்க்காமல், “எது இருக்கோ அதைக் குடு” என்றால் அவன் மனசு சரியாக இல்லை, நாளைக்கு என்ற நினைப்பே அவனுக்கு இல்லை என்று டோரீன் முடிவு கட்டிவிடுவாள். அவள் வலது கால் மேஜைக்கு அடியில் போகும். பூட்ஸ் நுனியால் கம்ப்யூட்டரின் ப்ளக்கை ஒரு இழு. திரை கருத்துவிடும்.

“அடடா, படுத்துடுச்சே! நாடு பூராவும் இதே கதைதான், காலையில இருந்து.”

பத்தொன்பது வருடத்தில் பதினொரு பேருக்கு அந்தக் கம்ப்யூட்டர் படுத்திருக்கிறது. அவள் இதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் துப்பாக்கி வியாபாரிகள் சங்கத்தில் தலை காட்ட முடியாது.

பதினொன்றாவது ஆள் எவரெட் நாப். பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவன். அவன் மனைவி கார்லீன் முந்தின மாதம்தான் கோல்ஃப் ஆடும் ஒருவனோடு ஃப்ளோரிடாவுக்குப் போயிருந்தாள். மசோதா வருவதற்கு முந்தின வருடம் மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை எவரெட் கடைக்கு வந்தான். விலை கேட்கவில்லை. கம்ப்யூட்டர் உடனே படுத்தது. நான்கு நாள் படுத்தது.

அந்த நான்கு நாளும் டோரீன் அவனை விடவில்லை. கடை வாசலில் பனி தள்ள வேண்டும் என்று கூப்பிட்டாள். பனியே விழவில்லை. “விழும்போது விழட்டும்யா, நீ இப்பவே வந்து பழகிக்கோ” என்றாள். சாயங்காலம் பன்றி இறைச்சி போட்ட பீன்ஸ் பானையோடு அவன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை எவரெட் வந்து தூண்டிலில் மாட்டும் குஞ்சு மீன் கேட்டான். ஒரு டஜன் விலையைச் சொன்னதும், “இது கொள்ளை, டோரீன்!” என்று கத்தினான். அவள் மேஜைக்கு அடியில் குனிந்து ப்ளக்கை மாட்டினாள்.

ஆனால் எவரெட்டின் மனதில் குறை தங்கிவிட்டது. வாஷிங்டன்காரர்களின் கம்ப்யூட்டர் நான்கு நாள் படுத்துத் தன் உரிமையைப் பறித்த கதையை அவன் சாப்பாட்டுக் கடையில் காபிக்கு ஒரு தரம் சொன்னான். அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு ஜனவரியில் ப்ரென்ட் ஹாஸ்கல் வந்தார். சங்கச் செயலாளர். வேட்டைச் சட்டைக்கு இஸ்திரி போடுகிறவர்.

“டோரீன், நமக்கு ஒரு பாதிக்கப்பட்டவர் கிடைச்சிருக்கார்! உசிரோட!”

“உசிரோடதான் இருக்கான். தெரியும்,” என்றாள் டோரீன்.

“மூணு நாளுக்கே நாம குதிக்கிறோம். இவர் நாலு நாள் காத்திருந்திருக்கார்! சபையில அவர் பேசட்டும். நீங்க பக்கத்துல நின்னு ‘ஆமா, மெஷின் ஓடலை’ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. மசோதா காலி.”

“வேற ஆள் கிடைக்கலையா?”

“கடைக்காரர் நீங்கதானே? என்னங்க, பயமா?”

டோரீன் எதற்கும் பயப்படுகிறவள் இல்லை என்று ஊரில் பேர். அந்தப் பேரைக் காப்பாற்ற அவள் தலையாட்ட வேண்டியிருந்தது.

தலைநகர் கான்கர்டுக்கு ஒன்றரை மணி நேரப் பயணம். அவளும் எவரெட்டும் அவள் காரிலேயே போனார்கள். எவரெட் கல்யாணத்துக்கு வாங்கிய கோட்டைப் போட்டிருந்தான். வழி நெடுகத் தன் பேச்சை மனப்பாடம் செய்தான்.

“‘சுதந்திரக் குடிமகன்’னு ரெண்டு தடவை வருது. ஒண்ணை எடுத்துடட்டுமா?”

“எல்லாத்தையும் எடுத்துடு. திரும்பிப் போயிடலாம்.”

“என்ன டோரீன், உனக்கே நடுக்கமா!” என்று அவன் சிரித்தான். கார்லீன் போன பிறகு அவன் இவ்வளவு உற்சாகமாக இருந்து அவள் பார்த்ததில்லை. ‘ஆமா, மெஷின் ஓடலை’ என்றால் சபையில் பச்சைப் பொய். இல்லை என்றால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற இந்த மனுஷன் ஏன் அன்றைக்குக் கடைக்கு வந்தான் என்பதை மாநிலத்துக்கே பறைசாற்றியதாகும்.

சட்டசபைக் குழுவின் விசாரணை அறை நிரம்பியிருந்தது. மசோதா வேண்டும் என்பவர்கள் ஒரே நிறச் சட்டையில் ஒரு பக்கம், வேண்டாம் என்பவர்கள் இடுப்பில் துப்பாக்கியோடு மறு பக்கம். குழுத் தலைவி திருமதி க்விம்பி, பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். காலுறை பின்னிக்கொண்டே எல்லாருக்கும் மூன்று மூன்று நிமிடம் அளந்து கொடுத்தார்.

எவரெட் நன்றாகத்தான் பேசினான். “நாலு நாள், அம்மா. நாலாவது நாள் முடியறப்போ எனக்கு அது வேணும்கிற ஆசையே போயிடுச்சு. ஒரு மனுஷனோட ஆசையை அரசாங்கம் இப்படி எடுத்துக்கலாமா?”

க்விம்பியின் பின்னல் ஊசிகள் நின்றன. “எதுக்காக வாங்கப் போனீங்க, மிஸ்டர் நாப்?”

எவரெட் இதை மனப்பாடம் செய்திருக்கவில்லை. “வுட்சக்... தோட்டத்தைத் தோண்டுது.”

வுட்சக் என்ற அந்தக் குண்டுப் பிராணி மார்ச் மாதத்தில் இரண்டடிப் பனிக்குக் கீழே மண்ணுக்குள் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும். அறையில் இருந்த இருநூறு பேருக்கும் அது தெரியும். துப்பாக்கிக்காரர்களும் சிரிக்கவில்லை, சட்டைக்காரர்களும் சிரிக்கவில்லை.

க்விம்பி ஒரு காகிதத்தை எடுத்தார். “ஒரு சின்ன சிக்கல். அந்த வாரம் மெஷின் ஒரு நிமிஷம்கூட நிக்கலைன்னு போலீஸ்காரங்க கடிதம் குடுத்திருக்காங்க.”

“அப்போ நான் பொய் சொல்றேனா?” எவரெட்டின் கழுத்து சிவந்தது. “டோரீன்! சொல்லு இவங்ககிட்ட!”

டோரீன் எழுந்தாள். முன் வரிசையில் ஹாஸ்கல் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

“இவன் பொய் சொல்லலை. நான்தான் சொன்னேன். மெஷின் நல்லாத்தான் இருந்தது. ப்ளக்கைப் பிடுங்கிட்டேன்.”

ஹாஸ்கலின் விரல் எங்கே போவது என்று தெரியாமல் அப்படியே நின்றது.

“ஏன்?” என்றார் க்விம்பி.

“பேரம் பேசலை.”

அங்கே இருந்தவர்களும் அப்படிப்பட்ட ஊர்க்காரர்கள்தான். விளக்கம் தேவைப்படவில்லை. முதலில் சட்டைக்காரர்கள் பக்கத்தில் யாரோ கை தட்ட, கைதட்டல் பரவியது. டோரீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நிறுத்துங்க! நான் உங்க கட்சி இல்லை. இந்த மசோதா எனக்கு இப்பவும் ஆகாது. இவன் மூஞ்சி எனக்குத் தெரியும். உங்க சட்டத்துக்கு யார் மூஞ்சி தெரியும்? நல்லா இருக்கறவன், நாசமாப் போனவன், எல்லாரையும் ஒரே மாதிரி மூணு நாள் நிக்க வைக்கும்.”

“நீங்க கடையில இல்லாத நாள்ல?” க்விம்பி கேட்டார்.

“செவ்வாய்க்கிழமை மட்டும் என் பழைய கொழுந்தன் வால்டர் பார்த்துக்குவான்.”

“வால்டருக்கு மூஞ்சி தெரியுமா?”

வால்டருக்கு எதிரே நிற்பது ஆளா அலமாரியா என்பதே பாதி நேரம் தெரியாது. டோரீன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மூன்று நிமிடம் முடிந்தது என்று க்விம்பி மணி அடித்தார். அது கருணை.

மசோதா அந்த வருடம் குழுவிலேயே செத்தது. அதற்குக் காரணம் டோரீன்தான் என்று யாரும் சொல்லவில்லை. சங்கம் அவளுக்கு அடுத்த வருட உறுப்பினர் அட்டையை அனுப்ப மறந்தது. அவளும் நினைவூட்டவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் கடையை மூட ஆரம்பித்தாள். இது அவள் தானாக எடுத்த முடிவு, எந்தச் சட்டமும் வற்புறுத்தவில்லை என்று கேட்காதவர்களிடமும் சொன்னாள்.

ஆனால் இதெல்லாம் பிறகு. அன்றைக்குத் திரும்பும் வழியில் எவரெட் கோட்டைக் கழற்றிப் பின் சீட்டில் எறிந்தான்.

“நாலு நாளும் ஓடிச்சா அது?”

“ஓடிச்சு. ப்ளக்கை மாட்டிட்டு அதுல சீட்டு விளையாடினேன். நீ வர்ற சத்தம் கேட்டா பிடுங்கிடுவேன்.”

“அந்த பீன்ஸும் இதுல சேர்த்தியா?”

“பீன்ஸ் மிச்சமானது. பெருமைப்பட்டுக்காதே.”

“ஊர் முன்னாடி என் மானத்தை வாங்கிட்டே.”

“வாங்கிட்டேன்.”

“நாளைக்கு வந்து கேட்டா குடுப்பியா?”

“இப்போ எப்படிச் சொல்றது? ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கிட்டிருக்கேன். காலையில வா, மூஞ்சியைப் பார்த்துட்டுச் சொல்றேன்.”

“அந்த மசோதாவே தேவலை! அதுலயாவது மூணு நாள்னு ஒரு கணக்கு இருக்கு. உன்கிட்ட ஒரு கணக்கும் இல்லை!”

“இல்லைதான். ஆனா மசோதாவைத் திட்ட கான்கர்ட் வரைக்கும் போகணும். என்னைத் திட்ட ரெண்டு மைல் நடந்தாப் போதும்.”

எவரெட் தன் வீட்டு வாசலில் இறங்கி, கார்க் கதவு கழன்று விழுகிற மாதிரி அறைந்து சாத்திவிட்டுப் போனான். டோரீன் அந்த இரவு சரியாகத் தூங்கவில்லை.

காலையில் கடை திறக்கும்போதே அவன் வாசலில் நின்றான். துப்பாக்கி கேட்கவில்லை. உள்ளே வந்து மேஜை மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு திட்ட ஆரம்பித்தான். அவளை, அவள் கம்ப்யூட்டரை, ரேமண்டை, கார்லீனை, கோல்ஃப் என்ற விளையாட்டைக் கண்டுபிடித்தவனை. வாடிக்கையாளர் இருவர் வந்து, கேட்டு, ஓசைப்படாமல் வெளியே போனார்கள். டோரீன் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது நல்ல சிவப்பாக இருந்தது.

நாற்பது நிமிடம் திட்டியதில் அவனுக்கு மூச்சு வாங்கியது. மீதியைத் திட்ட வியாழக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டு எவரெட் பனி தள்ளப் போனான்.