பேர் பதிஞ்ச ஆள்

காணி தேடிக் குடுக்கிறது எண்டது கடைசியிலை எல்லாரிட்டையும் பேச்சு வாங்கிற வேலை. ஊரிலை காணிக் கந்தோரிலை கிளாக்கராய் இருந்தவன் எண்டு தெரிஞ்ச நாளிலை இருந்து, டென்மார்க்கிலை உள்ள சனம் முழுக்க ஓல்போர்க்கிலை என்ரை வீட்டு மணியைத்தான் அடிக்குது. ஒரு துண்டுக் கடதாசிக்காகக் கந்தோர் வாசலிலை காய்ஞ்ச உங்களுக்கு என்ரை பாடு விளங்கும்.

வெறும் பச்சை

எஸ்பியர்க் நகரத்து முதியோர் இல்லத்திலை வேலை செய்யிற சாந்தி, பள்ளிக்கூடம் போற மகளையும் கூட்டிக்கொண்டு வந்தா. யாழ்ப்பாணத்திலை நிலம் போதாமல் அவவின்ரை அப்பப்பா வன்னிக்குப் போய், காட்டை வெட்டி, யானைக்கு வெடி கொளுத்தி, அரசாங்கத்திட்டைப் பெர்மிட் எடுத்த ஐஞ்சு ஏக்கர். அதைக் கண்டுபிடிக்க வேணுமாம். கையிலை ஒரு கடதாசி இல்லை. வாய்க்காலுக்குக் கிழக்கை, ரெண்டு பாலை மரம் எண்டு மட்டும் தெரியும். நல்ல அடையாளம்தான்!

கணினியிலை அந்த இடத்தை வானத்திலை இருந்து எடுத்த செய்மதிப் படத்தைத் திறந்தன். சாந்தி கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சுப் பாத்தா. மகள் எட்டிப் பாத்திட்டு டெனிஸ் மொழியிலை ஏதோ சொல்லி, பிறகு எனக்காகத் தமிழிலை சொன்னா: "அங்கிள், இது வெறும் காடு. இதிலை ஒருத்தரும் இல்லை."

பழைய பேரேடு

என்னோடை முந்தி வேலை செய்தவர் ஒருத்தர் வன்னிக் கந்தோருக்கு நாலு தரம் அலைஞ்சு, பழைய பேரேட்டைப் படமெடுத்து அனுப்பினார். அப்பப்பாவின்ரை பேர் இருந்தது. எனக்குச் சரியான சந்தோசம். அதுக்குக் கீழை சாந்தியின்ரை தகப்பன். தனக்குப் பிறகு உரித்தாளி எண்டு அவர் பதிஞ்சிருந்த பேர் ரவி, சாந்தியின்ரை தம்பி. மகள் வெளிநாட்டிலைதானே, பெடியனுக்கே இருக்கட்டும் எண்டு செத்துப்போன மனிசன் எழுதின எழுத்து அது. கடைசிச் சண்டை முடிய, விசாரணைக்கு எண்டு ஆமி பஸ்ஸிலை ஏத்திக்கொண்டு போன ரவியை அதுக்குப் பிறகு ஒருத்தரும் காணேல்லை.

கந்தோருக்குப் போன் எடுத்தன். காணியை இன்னொருத்தரும் கேட்டு எழுதியிருக்கிறாராம். சாந்திக்கு மாத்திறதெண்டால் கெதியாய்ச் செய்யவேணுமாம். அலுவலர் மரியாதையாய்த்தான் சொன்னார்: "ஒண்டில் பேர் பதிஞ்ச ஆள் வரவேணும். இல்லாட்டி அவரின்ரை மரணச் சான்றிதழ் வரவேணும். காணாமல் போனவர் எண்டு எழுத என்ரை படிவத்திலை இடமில்லை, ஐயா."

மூடின பேனை

ரவிக்கு மரணச் சான்றிதழ் கேட்டுக் கையெழுத்து வைக்கவேண்டியது அவன்ரை தாய். அவ சாந்தியோடை எஸ்பியர்க்கிலைதான் இருக்கிறா. அந்தப் படிவத்தைத் தபாலிலை போட எனக்கு மனம் வரேல்லை. ரெண்டு ரயில் மாறி நானே கொண்டுபோனன். வழி நெடுக வெக்கமாய் இருந்தது.

சாந்தி வாசிக்க வாசிக்க அழுதா. "கையெழுத்து வையுங்கோ அம்மா, அப்பப்பா பட்ட பாடெல்லாம் வீணாப் போகப்போகுது" எண்டா. தாய் 'இறந்தவரின் பெயர்' எண்ட இடத்தை விரலாலை தொட்டுப் பாத்தா. பிறகு பேனையை மூடி, என்ரை சட்டைப் பையிலை தானே செருகிவிட்டா. "அந்த நாளிலை என்ரை மாமனார் காடு வெட்டேல்லையோ? காணியை ஆரும் எடுக்கட்டும், தம்பி. என்ரை பிள்ளை வந்து வேறை காடு வெட்டுவான்."

சனம் என்னட்டைக் காணியை மட்டும்தான் தேடி வருகுது எண்டு இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருந்திருக்கிறன், விசரன்.