தாக் துசிக்கும் தடுப்புத் திருகும்

எங்கள் கிம்ஜே பக்கத்தில், கடலை அடைத்து எடுத்த வயல்வெளியில், ஊர் இளைஞர் மன்றத் தலைவருக்கு வயது அறுபத்தொன்று. சிரிக்காதீர்கள். அவரைவிட இளைய ஆம்பிளைகள் ஊரில் மூன்றே பேர். அந்த மூவருக்கும் அவரோடு பதவிக்குப் போட்டி போடத் தெம்பு கிடையாது. பெயர் தாக் துசிக். முப்பது வருஷமாக டிராக்டர் மேல் உட்கார்ந்திருக்கிறார். உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் சொன்னேன், ஓட்டத் தெரியும் என்று சொல்லவில்லை.

இருக்கைக்கு வலப்பக்கம் ஹைட்ராலிக் லிவர். முன்னால் தள்ளினால் பின்னே மாட்டிய ரோட்டவேட்டர் என்ற சுழல் கலப்பை மண்ணில் இறங்கும், இழுத்தால் மேலே ஏறும். லிவர் ஓடும் பள்ளத்தை ஒட்டி ஒரு தடுப்புத் திருகு. வேண்டிய இடத்தில் அதை இறுக்கிவிட்டால் போதும். வரப்போரம் திரும்பி ஒவ்வொரு தடவை லிவரைத் தள்ளும்போதும் அங்கேயே முட்டி நிற்கும், உழவு ஒரே ஆழத்தில் போகும். இவ்வளவுதான் விஷயம். துசிக்குக்கு இது மானப் பிரச்சினை. "அதெல்லாம் கத்துக்குட்டிங்களுக்குய்யா. எனக்கு ஆழத்த என் முதுகெலும்பு சொல்லும்" என்பார். அந்த முதுகெலும்பு வருஷத்தில் பாதி நாள் ஊசி குத்தும் வைத்தியர் வீட்டில் குப்புறக் கிடந்தது.

எங்கள் ஊர் மல்சுன்னுக்கு இந்தப் பெருமையெல்லாம் தெரியும். தெரிந்தும் தன் வயலை உழக் கூப்பிட்டாள், டிராக்டர் அவரிடம்தானே இருக்கிறது. அவளுக்கு இருப்பது கடலணை ஓரத்தில் ஒரே ஒரு வயல். மேலே அரைச்சாண் நல்ல மண், அதற்குக் கீழே உப்புச் சேறு. எட்டு வருஷமாக நல்ல தண்ணீரைப் பாய்ச்சி, ஊறவிட்டு, வடித்து, மறுபடி பாய்ச்சி அந்த அரைச்சாணைக் கழுவி எடுத்திருந்தாள். முதல் மூன்று வருஷம் புல்கூட முளைக்கவில்லை. போன வருஷம்தான் கதிரில் மணி பிடித்தது.

அதனால் அன்று காலை அவளே டிராக்டரில் ஏறி, நாலடி ஓட்டி, இறங்கி, குச்சியை மண்ணில் விட்டுப் பார்த்து, திருகை இறுக்கினாள்.

"தலைவரே, அரைச்சாண். அதுக்குக் கீழ ஒரு விரக்கட எறங்கக் கூடாது. திருகுல கை வச்சீங்க, மனுஷியா இருக்க மாட்டேன்."

"அட, யாருகிட்ட சொல்ற தங்கச்சி! நீ போயி நாத்துத் தட்டப் பாரு."

பாதி வயல் ஒழுங்காகத்தான் போயிற்று. அப்புறம் ஊரின் அந்த மூன்று இளைய ஆம்பிளைகளும் இடைவேளைக்கு மக்கொல்லிக் கள்ளும் கிம்ச்சி ஊறுகாயும் தூக்கிக்கொண்டு பாதையில் வந்து சேர்ந்தார்கள். ஒருத்தன் சும்மா இருக்கமாட்டாமல், "என்ன தலைவரே, உழுறீங்களா, வயலுக்கு முதுகு சொறியுறீங்களா?" என்று கத்தினான்.

அவ்வளவுதான், தலைவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. திருகைத் தளர்த்தித் தள்ளிவிட்டு லிவரைக் கடைசி வரைக்கும் அழுத்தினார். எஞ்சின் முக்கியது, கரும்புகை கக்கியது. மூவரும் கை தட்டினார்கள். கேட்க வேண்டுமா? அந்தக் கோடி வரை போய், திரும்பி, இந்தக் கோடி வரை வந்தார்.

எஞ்சின் சத்தம் மாறியதுமே மல்சுன் நாற்றுத் தட்டுகளைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். ரோட்டவேட்டருக்குப் பின்னால் சாம்பல் நீலச் சேறு புரண்டு கிடந்தது. அதில் உடைந்த சிப்பி ஓடுகள். டிராக்டருக்கு முன்னால் போய் நின்று, ஒரு கட்டியை எடுத்து நீட்டினாள்.

"நக்குங்க."

"என்னம்மா இது, நாலு பேரு பாக்குறாங்க..."

"பாக்கட்டும். முதுகெலும்பு சொல்லாதத நாக்கு சொல்லட்டும். நக்குங்க!"

நுனிநாக்கால் தொட்டார். "லேசா... கரிக்குது."

"லேசாவா? எட்டு வருஷம் கழுவுனேன்யா! எட்டு நிமிஷம் ஆகல உனக்கு!"

"மண்ணு என்னமா பொலபொலன்னு வந்திருக்கு, அதப் பாக்கமாட்டேங்கிறியே" என்றார் அந்த மகானுபாவர்.

"எறங்குய்யா கீழ!"

இறங்கினார். மல்சுன் ஏறி, மறுபடி குச்சி விட்டுப் பார்த்து, திருகை இறுக்கி, மிச்ச வயலை அவளே உழுதாள். துசிக் வரப்பில் சம்மணம் போட்டு, மக்கொல்லியைக் குடித்துக்கொண்டே, "கியர மாத்து, கியர மாத்து" என்று அவளுக்கு யோசனை சொன்னார்.

புரண்ட இடத்தில் அவள் இரண்டு தடவை நாற்று நட்டாள். இரண்டு தடவையும் கருகியது. ஆடிக் கடைசியில் வயல் முழுக்கப் பச்சை, நடுவில் மட்டும் உப்புப் பூத்த இரண்டு வெள்ளைப் பட்டைகள்.

ஒருநாள் துசிக் பக்கத்து ஊர்க்காரர்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு கடலணை மேல் வந்து நின்றார். மல்சுன் கீழே களை பறித்துக்கொண்டிருந்தாள். அவர் அவளைக் கவனிக்கவில்லை.

"அந்த ரெண்டு கோடு தெரியுதா? இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும்! நான் ஓட்டுனது. நூல் பிடிச்ச மாதிரி இல்ல?"

மல்சுன் நிமிர்ந்து பார்த்தாள். நேராகத்தான் இருந்தது. இம்மிகூடக் கோணல் இல்லை. எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் வரப்பில் உட்கார்ந்து அழுதாள்.