பொள்ளாச்சியிலிருந்து மட்டாஞ்சேரிக்கு, நம்பர் தெரியாத காரில்

பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் காசிக்கும் காஷ்மீருக்கும் போய் வந்தவர்கள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பொள்ளாச்சியில் ஒரு கயிற்றுக் கடையில் வேலை பார்க்கிறேன். நாலு பேர் கூடிய இடத்தில் வாயைத் திறக்கக் கூச்சப்படுகிறவன். அப்படிப்பட்டவன் பேனாவை எடுத்ததற்குப் படிக்கிறவர்கள் மன்னிக்க வேண்டும். ஆனால் பொள்ளாச்சிக்கும் மட்டாஞ்சேரிக்கும் நடுவே உள்ள பாதையை நான் நன்றாக அறிவேன். கல்யாணக் காரில் அந்தப் பாதையில் போகிறவர்கள் எதைச் செய்யக்கூடாது என்பதையும் அறிவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் ஓர் ஆவணி மாதம், புதன்கிழமை. என் அக்கா மகள் செல்விக்கு மறுநாள் காலையில் கொச்சி மட்டாஞ்சேரியில் கல்யாணம். மாப்பிள்ளை சந்திரன். தாத்தா காலத்தில் மிளகாய் வியாபாரத்துக்காக அங்கே போய்த் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். அன்று மாலை ஆறு மணிக்குள் பெண் அவர்கள் வீட்டில் காலெடுத்து வைக்க வேண்டும் என்று பேச்சு. உறவினர்கள் ராத்திரி வேனில் வருவதாக ஏற்பாடு. காரில் அக்கா, செல்வி, நான் மூன்று பேர்தான். அம்பாசடர் டாக்ஸி, கிலோமீட்டருக்கு ஒன்றேகால் ரூபாய், இரவு தங்கினால் டிரைவருக்குப் பத்து ரூபாய் படி. டிரைவர் மணிக்குச் சொந்த வண்டி. அதை அவன் துடைக்கிற அழகைப் பார்த்தால் குழந்தைக்குத் தலை துவட்டுகிற மாதிரி இருக்கும்.

காலை ஒன்பது மணிக்குப் புறப்பட்டோம். புறப்படும்போதே தகராறு. காரின் முன்னால் கட்ட அக்கா ஒரு பலகை செய்து வைத்திருந்தாள். கனமான அட்டையில் சிவப்பு ஜிகினாத் தாள், மேலே தங்க நிறத்தில் 'செல்வி - சந்திரன்', இரண்டு பக்கமும் இரண்டு பச்சைக் கிளிகள். அதை நேராக நம்பர் பிளேட்டின் மேலேயே வைத்து, பிளேட்டின் போல்ட்டிலேயே முடுக்கச் சொன்னாள்.

"நம்பர் மறையுதுங் அக்கா" என்றான் மணி.

"நம்பரப் பாத்து யாரு பொண்ணு எடுக்கறாங்க? பேரு தெரிஞ்சாப் போதும்."

"போலீஸ்காரன் நம்பரத்தானுங் பாப்பான்."

"பொறகால ஒண்ணு இருக்குதல்லோ, அதப் பாக்கட்டும்."

பின்னால் இருந்ததும் ஒழுங்காக இல்லை. கோயம்புத்தூரில் பதினெட்டு ரூபாய்க்கு வாங்கிய திராட்சைக் கொடி போட்ட நிக்கல் சட்டம் ஒன்றை மணி அந்தப் பிளேட்டைச் சுற்றி மாட்டியிருந்தான். சேறு படாமல் இருக்க அதன் மேல் கருநீலப் பிளாஸ்டிக் தாள் வேறு. கொடியின் இலை கடைசி எண்ணில் பாதியைத் தின்றுவிட்டது. போதாதென்று அக்கா அதன் குறுக்கே ஒரு சம்பங்கி மாலையையும் தொங்கவிட்டாள்.

அக்காவின் பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. செல்விக்கு இரண்டு வருடத்துக்கு முன்பே ஒரு கல்யாணம் நிச்சயமாகி, பத்திரிகை அடித்த பிறகு நின்று போனது. செல்வியின் அப்பா சாவதற்கு முன் நெஞ்சு வியாதிக்காக சானடோரியத்தில் இருந்ததை அப்போது அக்கா சொல்லாமல் விட்டாள். வேறு யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். இந்தத் தடவை பெண் பார்க்க வந்த அன்றே எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம். இருந்தாலும் அவளுக்குப் பயம் விடவில்லை. இரண்டு பெயரும் சேர்ந்து வழி நெடுக எல்லார் கண்ணிலும் பட வேண்டும் என்று நினைத்தாள்.

கோபாலபுரம் சோதனைச் சாவடியில் ஒருவர் பலகையைப் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே கையசைத்தார். பாலக்காடு நாற்பத்தைந்து கிலோமீட்டர். அதைத் தாண்டி வடக்கஞ்சேரியில் சாயா குடித்தோம். சாயா முப்பது பைசா, பழம்பொரி இருபத்தைந்து பைசா. நம் ஊர் வாழைக்காய் பஜ்ஜியை எதிர்பார்த்துக் கடிக்கிறவர்கள் ஏமாறுவார்கள், அது இனிப்பு. பிறகு குதிரான் மலை வளைவுகள். செல்வி மூன்று இடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தாள். நல்ல புடவை பாழாகிவிடும் என்று அக்கா மரத்தடியில் துணியை மறைப்பாகப் பிடித்து, அவளைப் பழைய நூல் புடவைக்கு மாற்றினாள். திருச்சூரில் மதியச் சாப்பாடு. அங்கே கோயிலைச் சுற்றிப் போகிற ரவுண்டு சாலையில் நின்ற ஒரு போலீஸ்காரர் பலகையைக் காட்டி ஏதோ சொன்னார். மணி கும்பிடு போட்டுவிட்டு ஓட்டிவிட்டான். சாலக்குடி, அங்கமாலி, ஆலுவா என்று எல்லா இடத்திலும் தூறல். எர்ணாகுளத்தைத் தாண்டித் துறைமுகத் தீவுக்குள் நுழையும்போது நாலு மணி. மொத்தம் நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டரில் பாக்கி ஐந்துதான்.

அந்தத் தீவிலிருந்து தோப்பும்படிக்குப் போகிற பாலம் குறுகலானது. கப்பல் போவதற்காக நடுப்பகுதியை மேலே தூக்கும்படி கட்டியிருக்கிறார்கள். லாரிகள் வரிசையில் நின்றன. எங்கள் முறை வந்தபோது ஒரு சப் இன்ஸ்பெக்டர் கையைக் காட்டி ஓரம் கட்டச் சொன்னார். முன்னால் பார்த்தார், பின்னால் போய்ப் பார்த்தார், மறுபடி முன்னால் வந்தார்.

"எந்தா இது? வண்டிக்கு நம்பர் இல்லே?"

"கல்யாண வண்டிங் சார்" என்றான் மணி.

"கல்யாணம் மனுஷனுக்கல்லே? வண்டிக்கா?" என்றார் அவர். பிறகு பாதித் தமிழில் விவரம் சொன்னார். "போன வாரம் இதுபோல மாலையும் போர்டும் கெட்டி ஒரு காரு போயி. உள்ளில கல்யாணப் பெண்ணு இல்ல. மொத்தம் ஃபாரின் ரேடியோ." எல்லாம் கடத்தல் சரக்கு. அன்று முதல் மாலை போட்ட எந்தக் காரையும் பார்க்காமல் விடக்கூடாதென்று உத்தரவாம். குனிந்து காருக்குள் பார்த்தார். "இதில பெண்ணு ஏதா?"

"இவதானுங்க" என்றாள் அக்கா.

பழைய புடவை, கலைந்த தலை, கையில் பாதி நசுங்கிய எலுமிச்சம்பழம். இன்ஸ்பெக்டர் செல்வியைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். "கல்யாணத்துக்குப் போற முகமா இது?"

"குதிரான்ல எங்ககூட வந்திருந்தா உங்க முகமும் இப்படித்தான் சார் இருக்கும்" என்றாள் செல்வி. பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் திரும்பி நின்று சிரித்தார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. முதலில் பலகையைக் கழற்றச் சொன்னார்.

மணி ஸ்பானரை எடுத்துக்கொண்டு வந்தான். அக்கா இறங்கிப் போய்ப் பலகையின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஒருக்கா நின்னு போன கல்யாணம் சாமி. நடு ரோட்டுல பேரக் கழட்டிப் போட்டுட்டு எம் புள்ளைய அந்த வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போகமாட்டேன்."

"எங்கில் வண்டி ஸ்டேஷனுக்குப் போகும்."

செல்வி காரிலிருந்து "அம்மா, விடும்மா" என்றாள். அக்கா அசையவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் ஊற்றியது. அவளைத் தொட்டு நகர்த்த இன்ஸ்பெக்டரும் விரும்பவில்லை. மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒருவர் வந்து கல்யாணம் உண்மைதான் என்று சொல்லட்டும், அதுவரை வண்டி நிற்கட்டும், ஆனால் யார் வந்தாலும் பலகை கழன்றாக வேண்டும் என்று முடிவாகச் சொன்னார். அக்கா என்னைப் பார்த்தாள். மணி என்னைப் பார்த்தான். வேறு ஆள் இல்லை. கான்ஸ்டபிளை என்னோடு ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்கள்.

பாலத்தைத் தாண்டி மூன்று கிலோமீட்டர். மட்டாஞ்சேரிக் கடைத்தெருவைக் கண்ணை மூடிக்கொண்டும் கண்டுபிடிக்கலாம். சுக்கும் மிளகும் வற்றல் மிளகாயும் கலந்த நெடி மூக்கில் ஏறி இறங்காது. இரண்டு பக்கமும் பெரிய கதவு வைத்த பண்டகசாலைகள், பின்பக்கம் காயல் என்கிற உப்பங்கழி. நடுவில் மூட்டை ஏற்றிய கைவண்டிகள். ஆட்டோக்காரர் தும்மினார், நான் தும்மினேன், அந்த ஊர்க்காரரான கான்ஸ்டபிள் மட்டும் தும்மவில்லை. பெண் வாந்தி எடுத்தால் இஞ்சியைத்தான் கொடுக்க வேண்டும், எலுமிச்சம்பழத்தால் பலனில்லை என்று எனக்கு யோசனை சொல்லிக்கொண்டே வந்தார்.

சந்து முனையில் பந்தல் தெரிந்தது. கான்ஸ்டபிள் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, எதிரில் இருந்த சாயாக் கடையைக் காட்டினார். "ஞான் இவிட நிக்காம் சேட்டா. யூனிஃபாரத்தோட கல்யாண வீட்டில கேறினா நல்லதல்ல. நீங்க போய் ஆளக் கூட்டிட்டு வா."

நல்ல மனுஷர். எனக்கும் முதலில் அதுதான் சரியென்று பட்டது. கல்யாணத்துக்கு முந்தின நாள் போலீஸ்காரரோடு சம்பந்தி வீட்டுக்குள் நுழைய யாருக்கு மனம் வரும்? ஆனால் இந்தச் சந்தில் எத்தனை கண்கள் இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். நான் மறைத்தால் ராத்திரிக்குள் வேறு யாராவது வேறு மாதிரி சொல்வார்கள். போன தடவை எங்களைக் கெடுத்தது சானடோரியம் அல்ல, அதை அடுத்தவர் வாயால் கேட்டதுதான்.

"வேண்டாங்க, நீங்களும் கூடவே வாங்க" என்றேன்.

பந்தலுக்குள் போனோம். தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். மாப்பிள்ளையின் அம்மா சரசம்மா உள்ளேயிருந்து வந்தார். காக்கிச் சட்டையைப் பார்த்ததும் முகம் மாறியது.

"அண்ணா, பெண்ணு எவிட?"

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னேன். "பாலத்துல இருக்காளுங்க, நல்லா இருக்கா. நம்பர் பிளேட்ட மறைச்சுப் பேரு போட்ட பலகையக் கட்டிட்டோம். போலீஸ்ல நிறுத்திட்டாங்க. தப்பு எங்க மேலதான். கழட்ட அக்கா விடமாட்டேங்குது. ஒருக்கா நின்னு போன கல்யாணம்னு அதுக்குப் பயம். இது கல்யாண வண்டிதான்னு சொல்ல உங்க வீட்டு ஆள் ஒருத்தர் வரோணும்."

மூலையிலிருந்து ஒரு பெரியவர், "நின்னு போயோ? எது நின்னு போயி?" என்று எழுந்தார்.

"அது ஞங்களோட முதல்லயே சொல்லியாச்சு சேட்டா. நீங்க தேங்காயப் பாருங்க" என்றார் சரசம்மா. அந்த ஒரு வார்த்தையில் பெரியவர் உட்கார்ந்துவிட்டார். வேறு ஆளைத் தேடவில்லை, சரசம்மாவே செருப்பை மாட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறினார்.

பாலத்தில் அக்கா அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள், தலையில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. சரசம்மா இன்ஸ்பெக்டரிடம் மலையாளத்தில் மளமளவென்று பேசினார். கடைப் பெயரைச் சொன்னதும் அவர் தலையாட்டினார். பிறகு சரசம்மா அக்காவிடம் வந்தார்.

"கழட்டட்டே அக்கா. தரையில வெக்க வேண்டாம், டிக்கியிலயும் போட வேண்டாம். என்ட கையில தாங்க. மாப்ளையோட அம்மா வாங்கிக்கிட்டா, பேரு வீட்டுக்குள்ள வந்த மாதிரிதானே?"

அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையை எடுத்தாள்.

மணி போல்ட்டைக் கழற்றினான். ஈரத்தில் ஊறிய அட்டை பிளேட்டோடு ஒட்டியிருந்தது, இழுக்கும்போது ஒரு கிளியின் வால் கிழிந்தது. எல்லாரும் அதையே பார்த்தோம்.

"வாலில்லேன்னா பறந்து போகாது. வீட்டுலயே இருந்துக்கும்" என்று சொல்லிக்கொண்டே சரசம்மா அதை முந்தானையால் துடைத்தார். காலையிலிருந்து முதல் தடவையாக அக்கா சிரித்தாள்.

அடுத்தது பின்பக்கம். மாலையும் போனது, நீலத் தாளும் போனது. சட்டத்தைக் கழற்றும்போது மணிக்கு அழுகையே வந்துவிட்டது. "பதினெட்டு ரூபாய்ங் சார்."

"பதினெட்டு ரூபாய் கொடுத்து நம்பர ஒளிச்சு வெச்சோ?" என்றார் இன்ஸ்பெக்டர். முன்னாலும் பின்னாலும் எண் முழுதும் தெரிய வேண்டும், அதன் மேல் பூ, தாள், சட்டம் எதுவும் வரக்கூடாது என்று விளக்கினார். ஆர்.சி. புத்தகத்தோடு எண்ணை ஒப்பிட்டுவிட்டு அபராதம் போடாமல் விட்டார். கான்ஸ்டபிள் எங்கிருந்தோ ஓர் இஞ்சித் துண்டு கொண்டுவந்து செல்வியிடம் கொடுத்தார்.

சரசம்மா முன் சீட்டில் பலகையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வீட்டு வாசலில் நின்றோம். ஆரத்தி எடுக்க வந்தவர்களிடம் முதலில் பலகையைக் கொடுத்துவிட்டு, பிறகுதான் அவர் இறங்கினார்.

இந்த விதி கேரளத்துக்கு மட்டும் உள்ளதல்ல, நம் ஊருக்கும் இதேதான். பொள்ளாச்சியில் யாருடைய கார் என்பது ஹாரன் சத்தத்திலேயே தெரிந்துவிடும், அதனால் நம்பரை யாரும் படிப்பதில்லை. கொச்சித் துறைமுகத்துக்கு எங்கெங்கிருந்தோ வண்டிகள் வருகின்றன, அங்கே நம்பரை விட்டால் வேறு அடையாளம் கிடையாது. ஆகவே கல்யாணக் காரில் போகிறவர்கள் பெயரைக் காரின் மேலே உள்ள கேரியரில் கட்டுங்கள். அங்கே யாரும் கேட்கமாட்டார்கள், தூரத்திலிருந்தும் தெரியும்.

மறுநாள் காலை முகூர்த்தம் நடந்தது. மழை விடாததால் பந்தியை உள்ளே போட்டார்கள். மதியம் இரண்டரை மணிக்கு நாங்கள் ஊருக்குக் கிளம்பினோம்.