ஒத்துப்போன இருவர்

ஷாகிதாவுக்கு யாரையும் சட்டென்று நம்ப வராது. பூந்தமல்லியில் மீன் வாங்கினால் செவுளைத் திறந்து பார்ப்பாள். பிறகு பக்கத்துக் கடை மீனின் செவுளையும் பார்த்துவிட்டுத்தான் பையை நீட்டுவாள். சர்க்கரை போட்ட டீ குடிக்கவில்லை என்று கணவர் உஸ்மான் கனி சத்தியம் செய்தால், டீக்கடைக்குப் போன் போட்டுக் கேட்பாள்.

"உன்னக் கட்டினதுக்கு போலீஸ் ஸ்டேஷன்ல தெனம் கையெழுத்து போட்டுட்டு நிம்மதியா இருந்திருக்கலாம்" என்பார் அவர்.

இந்தக் குணம்தான் அவளுக்குச் சோறு போட்டது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதிச் சட்டை தைக்கும் கம்பெனியில் பல வருஷம் செக்கிங்கில் இருந்தாள். பொத்தான் காஜாவில் பிசிறு, விட்டுப்போன தையல் எதுவும் அவள் விரலைத் தாண்டிப் போனதில்லை. கம்பெனியை மூடியபோது, மண்ணூர்பேட்டையில் ஒரு மாடியில் படம் பார்க்கிற வேலை கிடைத்தது.

சாட்டிலைட் எடுத்த படங்கள். சதுரம் சதுரமாக ஸ்கிரீனில் வரும். எது தண்ணீர், எது கட்டடம், எது பச்சை, எது வெறும் நிலம் என்று ஆட்கள் கோடு இழுத்து வண்ணம் பூசுவார்கள். பூசிய படங்களைப் பார்த்துப் பார்த்து, எங்கோ ஒரு கம்ப்யூட்டர் நிலத்தைத் தானே அடையாளம் காணப் பழகும். தப்பாகச் சொல்லிக்கொடுத்தால் தப்பாகவே பழகும். அதனால் ஒரே படத்தை இரண்டு பேருக்குத் தருவார்கள். ஒருவருக்கு மற்றவர் யாரென்று தெரியாது. இருவரும் பூசியதைச் சரிபார்ப்பவள் ஷாகிதா. அவளுக்கும் எண்கள் மட்டும்தான் தெரியும், பெயர்கள் தெரியாது. தெரிந்துகொள்ளப் பார்த்தால் வேலை போகும் என்று மேனேஜர் பக்தவத்சலம் முதல் நாளே சொல்லியிருந்தார்.

மாறுபட்ட படங்கள் அவளை உறுத்தியதில்லை. மனுஷர்கள் என்றால் மாறுபடத்தான் செய்வார்கள். ஒத்துப்போனால்தான் அவளுக்கு அரிக்கும். போன வருஷம் போனில் பேசிக்கொண்டு ஒரே மாதிரி பூசிய இரண்டு பேரைப் பிடித்துக் கொடுத்தாள். அன்றே அவர்களை அனுப்பிவிட்டார்கள். அதற்காக அவள் வருத்தப்படவில்லை.

இந்த ஜூனில் ஒரு படம் வந்தது. முழுக்கப் பழுப்பு. வெடித்த மண், குறுக்கே ஓர் ஒற்றையடிப் பாதை. ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. எண் பதினேழும் எண் நாற்பதும் அதைத் தண்ணீர் என்று நீலமாகப் பூசியிருந்தார்கள். கரை ஒரே இடத்தில் ஆரம்பித்து, ஒரு மூலையில் ஒரே மாதிரி உள்ளே வளைந்திருந்தது. இல்லாத தண்ணீர் இருவர் கண்ணுக்கு ஒரே அளவில் எப்படித் தெரியும்?

பக்தவத்சலம் படத்தைப் பார்த்தார். "பேசிக்கினு போட்டிருக்காங்க மேடம். சந்தேகமே இல்ல. திங்கக்கிழமை எழுதிக் குடுங்க, ரெண்டு பேரையும் அனுப்பிடலாம்."

அவர் இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டது ஷாகிதாவுக்குப் பிடிக்கவில்லை. சொந்தக்காரர் யாருக்காவது இரண்டு இடம் காலியாக வேண்டியிருக்கிறதோ என்று தோன்றியது. எழுதுவதற்கு முன் தானே ஒரு தடவை பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

எண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஆளைக் கண்டுபிடிப்பது அவளுக்குப் பெரிய வேலையாக இல்லை. பதினேழின் படங்கள் வராத நாளில் எல்லாம் பார்வதம் லீவில் இருந்தாள். பின்வரிசையில் மட்டும் கரண்ட் போன அன்று நாற்பதின் படம் பாதியில் நின்றது. அந்த வரிசையில் "போச்சுடா, முதல்லேர்ந்து போடணும்" என்று தலையில் கைவைத்தவன் கிறிஸ்துராஜ்.

இருவரையும் கவனித்தாள். கேன்டீனில் அவன் ஒரு மூலை, அவள் ஒரு மூலை. படியில் எதிரெதிரே வந்தாலும் ஒரு தலையசைப்பு இல்லை. இவ்வளவு ஒழுங்காகப் பேசாமல் இருப்பவர்கள் கட்டாயம் பேசிக்கொள்கிறவர்கள்தான் என்று ஷாகிதா நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸுக்குப் போகாமல் பட்டரவாக்கத்தில் ரயில் ஏறினாள். வீட்டுக்குப் போன் செய்தாள்.

"பஸ்ஸு கெடைக்கல. லேட்டாகும்."

"பின்னாடி ட்ரெயின் சத்தம் கேக்குது" என்றார் உஸ்மான் கனி. "யாரப் புடிக்கப் போற?"

லேடீஸ் பெட்டியில் ஜன்னல் ஓரம் பார்வதம். அடுத்த பெட்டியில் கிறிஸ்துராஜ். அண்ணனூரில் இரண்டு பேரும் இறங்கினார்கள். மாட்டிக்கொண்டார்கள் என்று ஷாகிதா வேகமாக இறங்கினாள். ஆனால் ஸ்டேஷன் வாசலில் அவன் இடது பக்கம் போனான், இவள் வலது பக்கம். ஒருவரை ஒருவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பார்வதத்தின் பின்னால் நடந்தாள். தெருக்கள் முடிந்து வெட்டவெளி வந்தது. வெடித்த மண், குறுக்கே ஒற்றையடிப் பாதை. ஸ்கிரீனில் பார்த்ததை இப்போது கரையிலிருந்து பார்த்தாள். பார்வதம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, நடையைக் கூட்டி ஒரு சந்துக்குள் போய்விட்டாள். எதிர்க்கரையில் கிறிஸ்துராஜ் ஒரு வீட்டுப் பூட்டைத் திறந்துகொண்டிருந்தான்.

போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டே, பக்கத்தில் ஷேர் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம், "அண்ணே, இது இன்னா எடம்?" என்று கேட்டாள்.

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "எதுக்குக் கேக்குற? பிளாட்டு பாக்க வந்தியா?"

"இல்லண்ணே, சும்மா."

"சும்மா கேக்கறவங்க கையில போன தூக்கிப் புடிச்சிகினு கேக்க மாட்டாங்க. ஏரிம்மா இது. கண்ணு தெரில?"

"தண்ணியே இல்லியே."

"தண்ணி இல்லன்னா ஏரி இல்லன்னு ஆயிடுமா? நீ ஊட்ல இல்லாதப்போ அது உன் ஊடு இல்லியா? ஐப்பசில வந்து பாரு. அந்தத் தண்ணித் தொட்டி தெரிதா, அங்க வளைஞ்சு நிக்கும்."

படத்தில் உள்ளே வளைந்திருந்த அதே மூலை. ஒருவர் சொன்னதை வைத்துக்கொண்டு திரும்புகிறவள் இல்லை அவள். பாதையில் நடந்து எதிர்க்கரைக்குப் போய், ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்த பெண்ணிடம் கேட்டாள். அந்தப் பெண்ணும் ஏரி என்றாள், அதே மூலையைக் கைகாட்டினாள். "நீ யாரு?" என்றும் கேட்டாள்.

இந்தக் கரையில் இருக்கும் யாரிடம் அந்தப் படத்தைக் கொடுத்தாலும் நீலம்தான் பூசுவார்கள். அதற்கு ஒருவரோடு ஒருவர் பேச வேண்டியதில்லை. ரயிலுக்குத் திரும்பி நடந்தபோது ஷாகிதாவுக்கு இன்னொன்றும் புரிந்தது. இதை அவள் வெளியே சொல்ல முடியாது. சொன்னால் போவது அவள் வேலை, சொல்லாவிட்டால் அவர்கள் இரண்டு பேரின் வேலை.

திங்கட்கிழமை பக்தவத்சலம் கூப்பிட்டார்.

"எழுதிட்டீங்களா மேடம்?"

"இல்ல சார். அவங்க பேசிக்கல."

"எப்படிச் சொல்றீங்க?"

"அது அவங்க ஊரு ஏரி. படத்தப் பாக்காம மனசுல இருந்ததப் பூசிட்டாங்க. தப்புதான். திருட்டுத்தனம் இல்ல."

அவர் பேனாவை மூடினார். "அவங்க ஊருன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"யாருன்னு எனக்குத் தெரியும் சார்."

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. நானே கண்டுபுடிச்சேன். வேணும்னா அவங்க வீட்டு விலாசத்தப் பாருங்க."

அவர் கம்ப்யூட்டரில் பார்த்தார். இரண்டு விலாசமும் அண்ணனூர். "உங்களுக்கு அவங்க சொந்தமா?"

"நான் பூந்தமல்லி சார். அவங்களோட ஒரு வார்த்தை பேசினதில்ல."

"அப்புறம் எதுக்கு உங்க தலைய நீங்களே குடுக்கறீங்க?"

"பேசிக்காதவங்களப் பேசினாங்கன்னு எழுத எனக்கு வராது சார்." அந்தப் பதில் அவருடைய சந்தேகத்தைக் கூட்டியதை முகத்தில் பார்த்தாள். அவருடைய இடத்தில் இருந்தால் அவளும் அப்படித்தான் பார்த்திருப்பாள்.

அந்தப் படத்தைத் திரும்பப் பூசச் சொன்னார்கள். இருவரும் வேலையில் நீடித்தார்கள். ஏன் திரும்பப் பூசுகிறோம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. புது ஆள் பழக்க நேரமில்லை என்பதால் ஷாகிதாவையும் அனுப்பவில்லை. செக்கிங்கைப் பிடுங்கிக்கொண்டு, ஓர் எண்ணைக் கொடுத்துப் பூசுகிற வரிசையில் உட்காரவைத்தார்கள். காலியாக இருந்த நாற்காலி பார்வதத்தின் பக்கத்தில் இருந்தது.

ஷாகிதா லேசாகச் சிரித்தாள். பார்வதம் சிரிக்கவில்லை. அந்தப் பக்கம் இருந்தவளிடம் காதில் விழும்படியே சொன்னாள்: "ட்ரெயின்ல ஏறி ஏரி வரைக்கும் என் பின்னாலயே வந்துச்சுன்னு சொன்னேனே, இந்தம்மாதான் அது." பிறகு இந்தப் பக்கம் திரும்பி, "இன்னாக்கா, இங்க உக்கார வெச்சு யார வேவு பாக்கச் சொல்லிகீறாங்க?" என்றாள்.

நடந்ததைச் சொல்லலாம். சொன்னாலும் நம்புகிற மாதிரி இல்லை.

"யாரையும் இல்ல" என்றாள் ஷாகிதா.

"இருக்கட்டும்" என்று பார்வதம் தன் ஸ்கிரீனைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு பூச ஆரம்பித்தாள்.