மீட்டர் பார்க்கத் தெரியாமல்

இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் எங்கள் தெருவில் ரீடிங் எடுப்பார்கள். அதுவரை எவ்வளவு கரண்ட் செலவாகிறது என்று யாருக்குத் தெரியும்? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான். போன முறை ஐந்நூறு யூனிட்டைத் தாண்டி, கட்டணம் எகிறிவிட்டது. அதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

நான் பட்டு நெய்கிறவன். காற்றில் இழை அலையும் என்று தறிக்கு மேல் ஃபேன் போட மாட்டோம். சித்திரை வெயிலிலும் வேர்த்து ஊற்ற உட்கார்ந்திருப்பவன் என்ற திமிர் எனக்கு. நான் கரண்டைத் தின்னவில்லை என்றால் வேறு யார்? ஃபிரிட்ஜ்தான். மனைவியின் இன்சுலினுக்காக வாங்கியது அது.

நெய்வதைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி ஓடிப் போய் மீட்டரைப் பார்த்தேன். அதில் எண்கள் மாறிமாறி வரும். கண்ணில் பட்டதைக் காலையிலும் மாலையிலும் நோட்டில் குறித்துக் கழித்தேன். ஒரே பகலில் நாற்பது யூனிட்! பகீரென்றது. மறுநாள் மனைவி கடை வேலைக்குப் போனதும் ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினேன். கதவைத் திறக்காவிட்டால் குளிர் நிற்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் வருவதற்குச் சற்று முன் செருகிவிடுவேன். தினமும் இதே வேலை. மாவு புளித்ததற்கு அவள் வெயிலைத் திட்டினாள். 

பத்தாம் நாள் ரீடிங் எடுப்பவர் வந்தார். நோட்டை நீட்டினேன். சிரித்துவிட்டார்.

"காலைல எழுதினது யூனிட்டு, சாயங்காலம் எழுதினது வேற கணக்குங்க. ரெண்டையும் கழிச்சிகினு இருந்தா எப்படி? இந்த வாட்டி நீங்க முந்நூறகூடத் தாண்டல."

எப்படிப் பார்ப்பது என்று யாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு.

சாயங்காலம் மனைவி மருந்துக்கடைப் பையோடு வந்தாள். முகம் வாடியிருந்தது.

"சுகர் ஏறிகினே கீது. டாக்டரு டோஸ ஏத்திட்டாரு. அன்னிக்கு கல்யாணத்துல லட்ட தின்னிருக்கக் கூடாது," என்றபடி சிரிஞ்சைப் பிரித்தாள்.

அவள் கையில் இருப்பது இப்போதுதான் வாங்கி வந்த, கெடாத மருந்து. அதைக் கூட்டிப் போட்டால் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும்.  அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"போடாத. முதல்ல டாக்டர கேளு. லட்டு இல்ல, பகல்ல ஃபிரிட்ஜ நிறுத்தினது நான்தான். பழைய மருந்து கெட்டுப்போயிருக்கும்."

அவள் சிரிஞ்சைக் கீழே வைத்தாள். 

"அந்த லட்டுக்கு பயந்து பத்து நாளா அரை வயிறு தின்னுகினு கீறேன்யா," என்றாள்.