குறுக்குச் சுவர்

கூட வேலை செய்தவர்கள் அவளை ஒட்டடை என்றே கூப்பிட்டார்கள். ஒட்டடைக்குச்சி மாதிரி உயரம். ஏணி இல்லாமலே பாதிச் சுவர் பூசிவிடுவாள்.

பூங்காவின் நடுவே இருந்த பழைய பங்களாவை இளைஞர்களை வைத்துப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள். சம்பளம் கிடையாது, தொழில் கற்றுத் தருவார்கள். முடித்தவர்களுக்குக் கொத்தனார் வேலை நிச்சயம் என்று பேச்சு. அதை விட்டால் ஒட்டடைக்கு வேறு நாதியில்லை.

அந்தப் பங்களாவின் பின்கட்டில்தான் அவள் பிறந்து வளர்ந்தாள். சீந்துவாரில்லாமல் கிடந்த கட்டடத்தின் மேல் அரசாங்கத்துக்குத் திடீரென்று பாசம் பொத்துக்கொண்டு வந்தது. குடியிருந்தவர்களைச் சட்டிபானையோடு வெளியே தள்ளினார்கள். அதே வருஷம் அப்பா ஒரு வாடகை அறையில் படுத்தார், எழுந்திருக்கவில்லை. வெளியேற்றிய குடும்பத்து ஆட்களை வேலையில் சேர்க்கக் கூடாது என்று உத்தரவு வேறு. சித்தி வீட்டு விலாசத்தைக் கொடுத்துத்தான் ஒட்டடை உள்ளே நுழைந்தாள்.

அன்று பின்கட்டு வேலையில் கைவைத்தார்கள். பிற்காலத்தில் சேர்த்ததையெல்லாம் இடிக்க வேண்டும். நடுவில் ஒரு குறுக்குச் சுவர். அவள் பெரியவளானதும், உடை மாற்ற ஒரு மறைவு வேண்டுமென்று அப்பா கட்டிக் கொடுத்தது. அவர் மூட்டை தூக்குகிறவர். கொத்து வேலை தெரியாது. பழைய சுண்ணாம்புச் சுவரோடு சிமெண்டை அப்பி ஒட்டவைத்திருந்தார். பிரித்தால் பழைய செங்கல்லும் சேர்ந்து பெயரும்.

மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். "எந்தக் கூமுட்டைடா இதைக் கட்டுனது? குடிச்சிட்டுக் கட்டியிருப்பான்போல!"

எல்லோரும் சிரித்தார்கள். சும்மா நின்றால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்து ஒட்டடையும் சிரித்தாள். அதோடு விட்டாளா? "சுவருக்கு நேர் பாக்குற தூக்குக்குண்டைக் கண்ணாலகூடப் பாத்திருக்க மாட்டான், மேஸ்திரி" என்றாள். சிரிப்பு இன்னும் பலமாக எழுந்தது.

திரும்பினால் வாசலில் அம்மா. மகள் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டு டப்பாவோடு நின்றிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது என்பது முகத்திலேயே எழுதியிருந்தது.

"யாரும்மா? யாரைப் பாக்கணும்?" என்றார் மேஸ்திரி.

அம்மா மகள் பக்கமே பார்க்கவில்லை. சுவரைத்தான் பார்த்தாள்.

"யாரையும் இல்லீங்க. இடம் மாறி வந்துட்டேன்."

"கல்லு விழும், தள்ளிப் போங்க. ஏய் ஒட்டடை, என்ன பேயறஞ்ச மாதிரி நிக்கிற? அடி!"

ஒட்டடை குனிந்து உளியையும் சுத்தியலையும் எடுத்தாள். தன்னைப் போல ஒரு பாவி இருக்க முடியாது என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே உளியை வைத்து ஓங்கி அடித்தாள்.

சத்தம் கேட்டு, வெளியே போய்க்கொண்டிருந்த அம்மா நின்றாள். பிறகு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.