மாப்பிள்ளை பக்கத்து மதாம்

சித்தப்பாவைப் பார்க்க லண்டனிலிருந்து பெண்ணின் தமையன் பாரிஸுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, மாப்பிள்ளை பக்கத்தில் அம்மாவும் மேல்வீட்டு மதாமும் மட்டுமே இருந்தார்கள். என்னைக் கணக்கில் சேர்க்கவில்லை. அப்பாவுக்கு உணவகத்தில் லீவு கிடைக்கவில்லை. மற்றவர்கள் எல்லாரும் யாழ்ப்பாணத்தில். பெரியவர் ஒருவர் இல்லாமல் சம்பந்தம் பேசுவது அழகில்லை என்று அம்மா தன் பட்டுச் சால்வையை மதாமின் தோளில் போட்டு, நல்ல நாற்காலியில் இருத்தினார்.

மதாம் வேல்ஸ் நாட்டவர். பிரெஞ்சுக்காரரைக் கட்டி, அவர் இறந்த பிறகும் எங்கள் லா ஷப்பல் பகுதியிலேயே தங்கிவிட்டவர். பெண் வீட்டார் கேட்ட சீதனம் ஒன்றுதான், மாப்பிள்ளைக்கு ஆங்கிலம் வரவேண்டும். அதை மதாம் சொல்லிக்கொடுத்தார். நாங்கள் இடியப்பமும் சொதியும் கொடுத்தோம். பெண்ணின் படம் சித்தப்பாவின் சட்டைப்பையிலேயே இருந்து, சமையலறை ஆவியில் ஓரம் சுருண்டுபோயிருந்தது.

பாடம் நடக்கும்போது நான் கட்டிலில் பாதித் தூக்கத்தில் கிடப்பேன். மதாமின் ஆங்கிலம் ஏறி இறங்கிப் போகும். சித்தப்பா அதே ராகத்தில் திருப்பிச் சொல்வார். வெளியே பாலத்தின் மேல் மெத்ரோ ரயில் ஓடும். மூன்றும் கலந்து, அறை மெல்ல நகர்ந்து ஏதோ ஒரு ஆற்றில் இறங்குவதுபோல இருக்கும்.

லண்டன்காரருக்கு அந்த ராகம் பிடிக்கவில்லை. சித்தப்பா நாலு வசனம் பேசுமுன்பே சிரித்துவிட்டார்.

"உந்த இங்கிலீசை ஆர் தம்பி பழக்கினது? பட்டிக்காட்டான் பாடுற மாதிரி இருக்கு."

சித்தப்பாவின் முகம் கறுத்துவிட்டது. மதாம் என்னவென்று கேட்டார். சித்தப்பா தயங்கித் தயங்கிச் சொன்னார். மதாம் சால்வையைச் சரிசெய்துகொண்டு, லண்டன்காரரைப் பார்த்து ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினார். சித்தப்பா அதை அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

"அண்ணி, இங்கிலீஸ்காரர் வந்து தங்கடை வேல்ஸ் ஆக்களின்ரை நிலத்தைப் பிடிச்சவையாம். பாஷையையும் ஒதுக்கிப்போட்டினமாம். ஆறுகளின்ரை பேரைத்தான் மாத்தேல்லையாம். ஆனா கேள்வி கேக்கேக்கை முன்னுக்கு 'டூ யூ' எண்டு ஒரு 'டூ' போடுறவையெல்லே, அது தங்கடை ஆக்களின்ரை வாயிலையிருந்து ஒட்டினதெண்டு சொல்லுறவையும் இருக்கினமாம். இவர் சிரிச்சுச் சிரிச்சு அதைத்தானாம் கதைக்கிறார்."

சம்பந்தம் முறிந்தது என்றே அம்மா நினைத்திருப்பார். லண்டன்காரர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு தொடையில் தட்டிச் சிரித்தார்.

"மாப்பிள்ளை பக்கத்திலை வாய் உள்ள ஆள்தான் இருக்கிறா! எனக்குச் சம்மதம். வந்தா லண்டன் பேச்சுத் தன்ரைபாட்டிலை வரும். என்ரை பிள்ளையளைப் பாருங்கோ, தமிழிலை ஒரு சொல்லும் தெரியாது."

கடைசி வசனத்தை மதாமுக்குப் பெருமையோடு ஆங்கிலத்திலும் சொன்னார். மதாம் தலையசைத்தார். பிறகு அம்மாவிடம் பிரெஞ்சில், "என் மகனுக்கும் என் பாஷை தெரியாது" என்றார்.

அம்மா பயத்தம் பணியாரத் தட்டை எல்லாருக்கும் நீட்டிவிட்டு என்னிடம் வந்தார்.

"சித்தப்பாவுக்குக் கலியாணம். சந்தோசமோ, பிள்ளை?"

"உய், மமோன்" என்று பிரெஞ்சில் சொன்னேன், வாய் நிறைய.

அம்மாவின் கையில் தட்டு அப்படியே நின்றது. மதாம் எழுந்து வந்து அம்மாவின் தோளைத் தொட்டார். எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகு இந்த இரண்டு பேருக்கும் என்ன வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. தட்டு எட்டும் தூரத்தில் இருந்தது. இன்னொரு பணியாரத்தை எடுத்துக்கொண்டேன்.